நடமாட்டம் குறைந்த அம்மாவுக்குக் கட்டில், அலமாரி: உயரம் எவ்வளவு வைப்பது?

இழைப்புளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மரவேலை எனக்குத் தொழில் இல்லை, விடுமுறை நாள் ஆசை. மேசை, புத்தக அலமாரி வரை தைரியமாகச் செய்வேன். இப்போது அம்மாவின் படுக்கையறைக்கு எல்லாவற்றையும் புதிதாகச் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். மரம் வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வந்தேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம், ருமட்டாய்டு வகை. இடுப்பும் முழங்காலும் விறைத்துப்போயிருக்கின்றன. விரல்கள் வளைந்துவிட்டன, எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. அறைக்குள் வாக்கர் வைத்து நடந்துவிடுவார். இப்போதுள்ள கட்டில் தாழ்வு, மெத்தையும் அமுங்கிப்போனது. காலையில் யாராவது போய்த் தூக்கிவிட்டால்தான் எழுந்திருக்க முடிகிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார், "ஆளைக் கூப்பிட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கே" என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் திட்டம் இது. 18 மி.மீ. பிளைவுட்டில் பாக்ஸ் கட்டில், 100 செ.மீ. அகலம், அடியில் மூன்று டிராயர். மேலே 20 செ.மீ. மெமரி ஃபோம் மெத்தை. தரையிலிருந்து மெத்தை மேல்பரப்பு வரை மொத்தம் 60 செ.மீ. உயரமாக இருந்தால் எழுவது சுலபம்தானே? விழாமல் இருக்க இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குத் தடுப்புக் கம்பி. சக்கரம் வைத்த சின்ன மேசை ஒன்று பக்கத்தில். இரட்டைக் கதவு அலமாரி, உருண்டைக் குமிழ் வைத்தது. அறை 330-க்கு 360 செ.மீ.

அம்மா நல்ல குள்ளம். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை 39 செ.மீ.தான். நாளைக்கே சக்கர நாற்காலி தேவைப்பட்டால் இதே கட்டில் உதவுமா என்பதும் மனதில் ஓடுகிறது. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

பழைய தச்சன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த மூன்று டிராயரையும் வரைபடத்திலிருந்து அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணத்தை நீங்களே உடம்பில் தெரிந்துகொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். அடுத்து குதிகாலை அரைச் சாண் பின்னுக்கு இழுத்து, நாற்காலிக்கு அடியில் விட்டு எழுந்து பாருங்கள். வித்தியாசம் தெரியும். உடம்பின் பாரம் பாதத்துக்கு மேலே வந்தால்தான் மனிதன் எழ முடியும். பாதம் முன்னால் கிடந்தால் அந்த அளவுக்கு முதுகைக் குனிந்து பாரத்தை முன்னே கொண்டுபோக வேண்டும். இடுப்பு விறைத்தவரால் அப்படிக் குனிய முடியாது. பாக்ஸ் கட்டிலில் விளிம்பிலிருந்து தரை வரை பலகை நிற்கிறது. குதிகால் அதில் முட்டி நின்றுவிடும். கடையில் "முதியோருக்கு ஏற்றது" என்று விற்கும் பாதிக் கட்டில்கள் இந்த ஒரு விஷயத்திலேயே தோற்றுப்போகின்றன. உயரம் சரியாக இருக்கும், குதிகாலுக்கு இடம் இருக்காது. பார்ப்பவர் "உயரமாகத்தானே இருக்கிறது, ஏன் எழ முடியவில்லை" என்று கிழவியைத் திட்டுவார்.

என்னைப் பற்றி ஒரு வரி: பட்டறை வைத்திருக்கிறேன். என் தங்கைக்குத் தசை நலிவு நோய். அவளுக்குச் செய்யப் போய், இப்போது பட்டறைக்கு வரும் வேலையில் பாதி இப்படித்தான்.

சரி, உயரத்துக்கு வருவோம். 60 அதிகம், உங்கள் அம்மாவுக்கு மிக அதிகம். எழுவதற்கு வேண்டுமானால் சுலபம். ஆனால் அந்த உயரத்தில் உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் படியாது. பாதம் தொங்கினால் உடம்பு விளிம்பை நோக்கிச் சறுக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள்: படுக்கப் போகும்போது இரண்டு காலையும் தூக்கி மேலே போட வேண்டியதும் அவர்தான். எழுவதற்கு உயரம் வேண்டும், படுப்பதற்குத் தாழ்வு வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவருடைய உடம்பு ஒப்புக்கொள்ளும் ஓர் உயரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு யாரோ ஒருவருடைய அளவு.

கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன். அசையாத, கைப்பிடி இல்லாத, தட்டையான இருக்கை உள்ள முக்காலியோ பெஞ்சோ எடுங்கள். தாழ்வானதாக இருக்கட்டும். அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, நழுவாமல் கிளாம்ப் போட்டு, அவரை உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். முன்னால் வாக்கர், பக்கத்தில் நீங்கள். வீட்டுக்குள் போடும் செருப்பு காலில் இருக்க வேண்டும், அதுவே 2 செ.மீ. வரும். ஒவ்வொரு துண்டு சேர்க்கும்போதும் முகத்தைப் பாருங்கள், வாயை நம்பாதீர்கள். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று "போதும், நல்லாத்தான் இருக்கு" என்றுதான் அம்மாக்கள் சொல்வார்கள். மூச்சைப் பிடிக்காமல், உந்தி எழும்பாமல், ஒரே ஓட்டமாக எழுகிறாரா? அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவுதான் உட்கார்ந்த நிலையில் அவருக்கு வேண்டிய உயரம். உங்கள் கட்டிலின் உயரம் வேறு, ஏனென்றால் நடுவில் மெத்தை இருக்கிறது, அது அமுங்கும். புது மெத்தையை முதலில் வாங்கிவிடுங்கள். தரையில் ஒரு பலகை மேல் போட்டு, அவரை விளிம்பில் உட்காரவைத்து, தொடைக்கு அடியில் மெத்தை எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு கம்பியைச் சொருகி அளந்துவிடுங்கள். 15 செ.மீ. மெத்தை விளிம்பில் 11-க்குப் போகலாம், மென்மையான மெத்தை பாதிக்குக்கூடப் போகும். வேண்டிய உயரத்திலிருந்து இந்த மிச்சத்தைக் கழித்தால் மெத்தையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பு எங்கே வர வேண்டும் என்பது கிடைத்துவிடும். மெத்தையைக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டால் இத்தனை கணக்கும் தண்ணீரில் எழுதிய எழுத்து.

20 செ.மீ. மெமரி ஃபோம் வேண்டாம் என்பேன். அதில் உடம்பு பள்ளம் பறித்துக்கொண்டு இறங்கும். புரண்டு படுக்க நினைத்தால் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வர வேண்டும். குளிர்ந்த அறையில் இன்னும் இறுகிப்போகும். விளிம்பு கெட்டியாக இருக்கும் அடர்த்தியான ஃபோம் நல்லது.

அலமாரிக்கு இரட்டைக் கதவு என்றீர்கள். கதவைத் திறக்கும்போது வாக்கரோடு ஓரடி பின்னால் போக வேண்டும். நடை தளர்ந்தவரைப் பின்னால் நடக்க வைப்பது விழுவதற்கு வழி. கதவே வேண்டாம், திரை போடுங்கள். கதவு வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் மேலே தொங்கி நகரும் கதவு. கீழே தண்டவாளம் இருக்கக் கூடாது, வாக்கர் கால் அதில் மாட்டும். துணி தொங்கும் கம்பி தரையிலிருந்து சுமார் 110 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்காதீர்கள், கணுக்கால் மட்டத்துக்குக் குனியவும் வைக்காதீர்கள். தினமும் எடுக்கும் எல்லாம் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில். அலமாரியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். கால் தடுமாறினால் மனிதர் எதைப் பிடிப்பார்? பக்கத்தில் நிற்பதைத்தான்.

அதே காரணத்துக்காக அந்தச் சக்கரம் வைத்த மேசையும் வேண்டாம். ஊன்றுவதற்கு இல்லை என்று நீங்கள் சொன்னாலும் இரவு இரண்டு மணிக்கு அவர் அதில்தான் ஊன்றுவார். சக்கரத்தைப் பூட்டிவைக்கலாமே என்று தோன்றும். பூட்ட மறக்கும் ஒரு நாள் போதும்.

---

தெரபி டைரி எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது உடல்நலக் குறை உள்ளவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவுபவள். தச்சர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு குறைவு, சேர்ப்பது கொஞ்சம் உண்டு.

முதலாவது, அந்த உயரச் சோதனையைக் காலையில் செய்யுங்கள். எழுந்த உடனே, மாத்திரை வேலை செய்வதற்கு முன்னால். ருமட்டாய்டு முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பது சாதாரணம். மத்தியானம் இலகுவாக எழுபவர் காலையில் வேறு ஆள். கட்டில் பயன்படப் போவது அந்தக் காலை ஆளுக்குத்தான். மத்தியான அளவில் செய்தால் முக்கியமான நேரத்தில் கட்டில் தாழ்வாக நிற்கும். அதே உயரத்தில் இரவு படுக்கும்போது காலைத் தூக்கிப் போட முடிகிறதா என்பதையும் பாருங்கள். முடியவில்லை என்றால் உயரத்தைக் குறைக்காதீர்கள். பாதத்தில் மாட்டிக் கையால் தூக்கும் நாடா இருக்கிறது. விரலால் பிடிக்காமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும்படி அதன் மேல்முனையிலும் ஒரு வளையம் தைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, முழு நீளத் தடுப்புக் கம்பி. தயவுசெய்து செய்யாதீர்கள். கட்டில் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் தலை, கழுத்து, மார்பு மாட்டி உயிர் போன சம்பவங்கள் உண்டு. அதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006-இல் மருத்துவமனைக் கட்டில்களுக்கு இடைவெளி அளவுகளையே வெளியிட்டது. கம்பிகளுக்கு நடுவிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவிலும் 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். கம்பியின் முனைக்கு அடியில், கழுத்து சிக்கும் இடத்தில் 6 செ.மீ.க்குக் குறைவு. தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட மெத்தையோடு சேர்த்துச் சோதிப்பதை நாம் வீட்டில் கண்ணளவில் செய்ய முடியாது. மெத்தை அமுங்கும்போது இடைவெளியும் மாறும். போதாக்குறைக்கு, கம்பியைத் தாண்டி இறங்கப் பார்ப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

அம்மாவுக்கு வேண்டியது ஊன்ற ஓர் இடம். பிடித்து இழுப்பதற்கு இல்லை, ஊன்றுவதற்கு. இந்த வித்தியாசம் முடக்குவாதத்தில் பெரியது. கம்பியை விரலால் இறுக்கி இழுத்தால் ஏற்கெனவே கெட்டுப்போன சின்ன மூட்டுகளின் மேல் பாரம் விழும். உள்ளங்கையையோ முன்கையையோ தட்டையாக வைத்து அழுத்தினால் பாரம் பெரிய மூட்டுக்குப் போகும். நாற்காலியின் கை மாதிரி ஒன்று, அமுங்கிய மெத்தையிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில், 10 செ.மீ. அகலப் பட்டையாக, அவர் இறங்கும் பக்கத்தில் மட்டும். அதன் கீழ் வெற்றிடம் விடாமல் சட்டம் வரைக்கும் முழுப் பலகையாக இறக்கி, மெத்தையோடு ஒட்டி நிற்க விடுங்கள். தலைமாட்டுப் பலகைக்கும் இதற்கும் நடுவே ஒன்று 6 செ.மீ.க்குக் குறைவான சந்து, இல்லையென்றால் உடம்பே தாராளமாக வெளியே வரும்படி 32 செ.மீ.க்கு மேல். நடுத்தரமான சந்து எதுவும் வேண்டாம்.

மெத்தை பற்றி ஐயாவிடம் ஒரு சின்னக் கருத்து வேற்றுமை. கெட்டியான மெத்தை எழுவதற்கு நல்லது, சரி. ஆனால் தோல் மெலிந்து, எலும்பு முட்டும் இடங்கள் சிவக்கத் தொடங்கியவருக்கு அதுவே புண் ஆகும். முதுகு, குதிகால், இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். விளிம்பு கெட்டியாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் உள்ள மெத்தைகள் கிடைக்கின்றன.

---

நாலு சக்கரம் எழுதியது:

நான் இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவன், சக்கர நாற்காலியில் இருப்பவன். "நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால்" என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

நாற்காலியின் இருக்கை, மேலே போடும் மெத்தையோடு சேர்த்து, பெரும்பாலும் 48-இலிருந்து 53 செ.மீ. வரை வரும். கட்டிலும் அதே மட்டத்தில் இருந்தால் பலகை போட்டுச் சறுக்கலாம். மேட்டில் ஏறுவதுதான் கஷ்டம், இறக்கம் சுலபம். ஒரு வழியில் இறக்கம் என்றால் மறு வழியில் ஏற்றம் அல்லவா? ஆகவே சமம்தான் நல்லது.

கட்டிலுக்கு அடியில் கால்தாங்கி நுழைய வேண்டும். 23 செ.மீ. திறந்த இடம் இருந்தால் பாதம் இடிக்காது. எனக்கெல்லாம் இடித்தாலும் தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் போல்ட் தலை, கூர்மையான மூலை எதுவும் கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். உங்கள் அறை 330. கட்டில் 100. இறங்கும் பக்கம் 150 விட்டால் மறுபக்கம் 80 மிஞ்சுகிறது, ஆள் நின்று விரிப்பு மாட்ட அது போதும். பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

அப்புறம், யாரும் யோசிக்காத ஒன்று: மின் இணைப்பு. விளக்கு சுவிட்ச், போன் சார்ஜர், கூப்பிடும் மணி மூன்றும் படுத்த நிலையில் முழங்கையைத் தூக்காமல் எட்ட வேண்டும். சார்ஜர் கம்பி உடம்புக்கு அடியில் போகாத மாதிரி தலைமாட்டுப் பலகையில் ஓர் இடம் பண்ணிவிடுங்கள். அது சூடானால் எனக்குச் சுட்டது தெரியாது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும், ஆனால் விலகத் தாமதமாகும்.

நிறம் என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரி வெள்ளையில் செய்துவைத்தால் அறைக்குள் போகவே மனம் வராது.

---

நேர்வழி எழுதியது:

இத்தனை பாடு எதற்கு? பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் மோட்டார் கட்டில் வாங்கிவிட்டால் முடிந்தது. எழும்போது உயரம், படுக்கும்போது தாழ்வு. வாடகைக்கும் கிடைக்கிறது.

---

பழைய தச்சன் எழுதியது:

நேர்வழி சொல்வது வீண் பேச்சு இல்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, துடைக்க, உடை மாற்ற இன்னொருவர் வேண்டும் என்ற நிலை வந்தால் மோட்டார் கட்டில்தான். கவனிப்பவர் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் முதுகு போய்விடும், மரக்கட்டிலால் அதற்குப் பரிகாரம் இல்லை. ஆனால் இந்த அம்மா இன்னும் நடக்கிறார். பொத்தானை அமுக்க விரல் வேண்டும், மின்சாரம் வேண்டும், இரவில் எந்த உயரத்தில் விட்டோம் என்ற நினைவு வேண்டும். ஒரே உயரத்தில் அசையாமல் நிற்கும் கட்டில் உடம்புக்குப் பழகிவிடும். இருட்டிலும் எங்கே விளிம்பு, எங்கே தரை என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் கட்டிலோ, வீட்டில் பண்ணிய சாய்வுப் பலகையோ, முதுகை மட்டும் நிமிர்த்தினால் உடம்பு கீழே வழுகும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். புண் வருவதற்கு அதுவே போதும். நிமிர்த்துவதென்றால் முழங்காலுக்கு அடியிலும் சேர்த்து ஏற்றுங்கள்.

தெரபி டைரி அம்மணி காலையில் அளக்கச் சொன்னாரே, நான் சொல்லாமல் விட்ட விஷயம் அது. தங்கைக்குக் காலை, மாலை ஒரே மாதிரிதான், அதனால் எனக்குத் தோன்றவில்லை.

இழைப்புளி, அலமாரியில் டிராயர் வைத்தால் அதன் கைப்பிடி எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன உருண்டைக் குமிழைப் பிடிக்க ஐந்து விரலும் ஒன்றாகக் குவிய வேண்டும், அவரால் முடியாது. ஆங்கில டி எழுத்து வடிவக் கைப்பிடி, உள்ளே 4 செ.மீ. ஆழம், 12 செ.மீ.க்குக் குறையாத நீளம். விரல் மடங்காவிட்டாலும் நான்கு விரலையும் கொக்கியாக உள்ளே விட்டு, தோளால் இழுத்துவிடலாம். கம்பி பென்சில் கனத்தில் இருந்தால் விரலை அறுக்கும். கட்டை விரல் பருமனுக்கு மேல் போங்கள்.

டிராயர் ஓடும் உலோகச் சேனல் முழுதாக வெளியே வரும் வகை, பால் பேரிங் வைத்தது. மெதுவாக மூடும் சேனலைக் கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார். அது மூடும்போது மெதுவாகத்தான் போகும், ஆனால் திறக்கும் முதல் சில செ.மீ.க்கு அந்த ஸ்பிரிங்கையும் சேர்த்து இழுக்க வேண்டும். தள்ளினால் திறக்கும் வகையும் வேண்டாம், சாய்ந்தாலே திறந்துகொண்டு வழியில் நிற்கும். பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருக்கிறதல்லவா, அதைக் கைப்பிடியில் மாட்டி, டிராயரில் துணியை நிரப்பி இழுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலை 22 நியூட்டன், அதாவது இரண்டே கால் கிலோ அளவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கக் கூடாது என்கிறது. உங்கள் அம்மாவுக்கு நான் ஒரு கிலோவுக்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பேன். அகலமான டிராயர் ஒன்றைவிட ஒடுக்கமான இரண்டு நல்லது. அகலமானது ஒரு கையால் இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும்.

---

இழைப்புளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெஞ்சும் பிளைவுட்டும் வைத்து அளந்துவிட்டேன். மாலையில் 45 செ.மீ.யில் நன்றாக எழுந்தார். காலையில் அதே 45-இல் அசையவே முடியவில்லை. 49 வந்த பிறகுதான் தானாக எழுந்தார். எழுந்து நின்றதும் அம்மா சொன்னது: "இத பெஞ்சாவே விட்டுடேன், கட்டில் எதுக்கு?" 49-இல் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிகிறது. இரவு காலைத் தூக்கிப் போடச் சிரமம்தான், நாடா தைத்துக் கொடுத்திருக்கிறேன். மணிக்கட்டில் மாட்டித் தூக்குகிறார். முதுகு, குதிகால் பார்த்தோம், சிவப்பு எதுவும் இல்லை.

மெத்தை வாங்கியாயிற்று. 15 செ.மீ., அவர் உட்கார்ந்தால் விளிம்பில் 11 மிஞ்சுகிறது.

இப்போது மூன்று சந்தேகம். டிராயர் போனதில் அம்மாவுக்கு வருத்தம், போர்வை எல்லாம் எங்கே வைப்பது என்கிறார். சக்கர நாற்காலி வந்தால் உயரத்தை எப்படி மாற்றுவது? அந்த ஊன்றும் பலகை சட்டத்தோடு நிற்குமா, ஆடுமா?

---

பழைய தச்சன் எழுதியது:

49-இல் 11 போனால் 38. குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பு 38 செ.மீ.யில். நீளச் சட்டம் 35 மி.மீ. கனம், 120 மி.மீ. உயரம், கெட்டி மரம். குறுக்குச் சட்டங்கள் இதன் மேல்விளிம்போடு மட்டமாக உட்கார, உள்பக்கம் ஒரு தாங்கு சட்டத்தை ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். அப்படியானால் நீளச் சட்டத்தின் அடி 26-இல் நிற்கும். நாலு சக்கரம் கேட்ட 23 கிடைத்துவிட்டது. பின்னால் ஆளைத் தூக்கும் இயந்திரம் வந்தாலும் அதன் கால் உள்ளே போகும். நடுவில் ஐந்தாவது கால் வைக்காதீர்கள், அது இடத்தைக் கெடுக்கும். அதற்குப் பதிலாகக் குறுக்குச் சட்டத்தை 25 மி.மீ. கனம், 70 அகலத்தில், 6 செ.மீ.க்கு மேல் சந்து விடாமல் போடுங்கள். கட்டிலில் ஒருவர்தானே படுக்கிறார் என்று ஒல்லியாக அறுக்காதீர்கள். அவரும் அவரைத் தாங்கும் ஆளும் ஒரே விளிம்பில் உட்காரும் நேரம் வரும்.

உயரம் மாற்ற: கால் நான்கும் 75-க்கு 75 மி.மீ. மெத்தைக்கு மேலும் நீளட்டும், தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் அவையே தூணாகிவிடும். ஒவ்வொரு காலிலும் 25 மி.மீ.க்கு ஒரு துளை வீதம் வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு 10 மி.மீ. போல்ட், ஒன்றுக்கொன்று 75 மி.மீ. தள்ளி. சட்டத்துக்குள் குறுக்கே, போல்ட் வந்து முறுகிக்கொள்ளும் உருளை நட். நாளை 51 வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றி ஒரு துளை ஏற்றிவிடுவீர்கள், ரம்பத்துக்கு வேலையே இல்லை. மரத்தில் நேரடியாக ஸ்க்ரூ போட்டு மூட்டு செய்தால் ஒருமுறை கழற்றியதும் பிடிப்பு போய்விடும், பார்ட்டிகிள் போர்டில் கேட்கவே வேண்டாம். துளை வரிசையை நான்கு காலுக்கும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டுக் குறியுங்கள், தனித்தனியாக அளந்தால் ஒரு காலில் அளவு தப்பும். போல்ட் தலையை மரத்துக்குள் புதைத்து மேலே மூடி வையுங்கள்.

போர்வை பிரச்சினைக்குக் கால்மாட்டில் ஒரு பெட்டி. தரையில் உட்காராமல் அதற்கும் கால் வைத்து, மூடி இல்லாமல், முன்பக்கம் திறந்த தட்டாக, 45-இலிருந்து 80 செ.மீ. உயரத்துக்குள். கனமான மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிவது அவருக்கு ஆகாத வேலை. இறங்கும் பக்கம் 150 செ.மீ.க்குள் மட்டும் அது நீட்டிக்கொண்டு வரக் கூடாது.

ஊன்றும் பலகை ஆடும், அதை மட்டும் தனியாகச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டிக் கனமாக்குங்கள். நீளம் 30 செ.மீ. கீழே நீளச் சட்டத்தின் வெளிப்பக்கமாக இறக்கி நான்கு போல்ட், உள்ளே நட்டுக்கு அடியில் அகல வாஷர். சட்டத்தின் 12 செ.மீ. உயரமும் பலகைக்குப் பின்னால் முழுதாகப் பதிய வேண்டும். போல்ட்டில் இரண்டு மேல்விளிம்புக்குப் பக்கத்தில், இரண்டு கீழ்விளிம்புக்குப் பக்கத்தில். வெளிப்பக்கம் போல்ட் தலை வட்டமாக, மட்டமாக. மெத்தை பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் மெத்தை அந்தப் பக்கமிருந்து நகரக் கூடாது. குறுக்குச் சட்டங்கள் மேல் ரப்பர் வலை விரியுங்கள், மறுபக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பு. இறங்கும் பக்கம் தடுப்பு வைத்தால் தொடையை அறுக்கும். கட்டிலின் கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டி, தலைமாட்டைச் சுவரோடு முட்டவிடுங்கள், அழுத்தும்போது ஓடாது.

பலகை எங்கே வர வேண்டும் என்பதை வரைபடத்தில் முடிவு செய்யாதீர்கள். கட்டிலை முடித்து, மெத்தை போட்டு, அவரை வழக்கமாக எழும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். "கையை எங்கே வைக்கத் தோணுது?" என்று கேட்டு, உள்ளங்கை விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இடுப்புக்குச் சற்று முன்னால் வரும். அப்போதுதான் துளை. தலைமாட்டிலிருந்து 32 செ.மீ. தள்ளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். உட்காரும் இடம் கட்டிலின் நடுப்பக்கம் என்பதால் இருக்கும்.

கைபடும் விளிம்பெல்லாம் மரம் சீவும் ரவுட்டர் இயந்திரத்தில் 10 மி.மீ. வளைவு. ஊன்றும் பட்டையில் பளபளப்பு வேண்டாம், ஈரக் கையில் வழுக்கும். மங்கலான பூச்சு போட்டு, கடைசிப் பூச்சுக்கு முன் 240 நம்பர் உப்புத்தாள். கட்டிலுக்கும் தரைக்கும் ஒரே நிறம் வந்துவிடாமல் பாருங்கள், இரவில் விளிம்பு தெரிய வேண்டும். பூச்சு முடிந்த கையோடு அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், வாசனை முழுதாக அடங்கும் வரை வெளியில் நிற்கட்டும்.

பலகைக்குத் துளை போட்டதும் இரண்டு அளவு எழுதுங்கள்: அவர் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து பலகையின் மேல்விளிம்பு, மெத்தையின் மேல்விளிம்பு. 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால் தோள் தூக்கும், கொஞ்சம் சீவிவிடலாம்.